காதை மூடாத ஏரிக் காவலன்

ஊரில் ஆபெலை அவன் காதுகளை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஏரிகள் நிறைந்த பிரேன் சீமையில் ஜனவரி பிறந்துவிட்டால் மூக்கு நுனி வரை கம்பளி சுற்றாமல் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். அவன் மட்டும் இரண்டு காதுகளையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் நடந்துபோவான். மடல்கள் உறைந்து, வெடித்து, ஆறி, அடுத்த வருஷம் மறுபடி வெடித்து, கடைசிக் காலத்தில் காய்ந்த பீச் பழத்தோல் போல ஆகியிருந்தன. "வேட்டை நாய்கூட காதைத் தொங்கவிட்டு மூடிக்குது. உனக்கு என்னய்யா இவ்வளவு வீம்பு?" என்று தபால்காரர் கேட்பார். ஆபெல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான்.

வீம்பு இல்லை. பயம். அவனைப் போலப் பயந்த மனிதன் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

குளிர்காலத்தில் எல்லா வீடுகளுக்கும் வருகிற சின்னச் சந்தோஷங்கள் அவன் வீட்டுக்கும் வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் அவனுக்கு ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். கணப்பில் செஸ்ட்நட் கொட்டை சுட்டால், கீறாமல் விட்ட ஒன்று வெடித்து மகள் மிரெய்யின் கண்ணில் பட்டுவிடுமோ. கெண்டை மீன் வறுவல் என்றால் முள். செங்கல்லைச் சுடவைத்து, செய்தித்தாளில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்தால் தீ. மனைவி ஓடில் பட்டை போட்டுக் காய்ச்சிய ஒயினைக் கோப்பையில் ஊற்றி நீட்டும்போது, புகைபோக்கிக்குள் ஏதோ சடசடப்பது போலிருக்கிறதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

"நீ சொர்க்கத்துக்குப் போனாலும், கூரை ஒழுகுதான்னுதான் முதல்ல பாப்ப" என்பாள் ஓடில்.

அந்தப் பயத்துக்காகவே அவனுக்கு ஏரிக் காவல் வேலை கிடைத்தது என்றும் சொல்லலாம். கரையில் எலி வளை கண்டால் தூங்க மாட்டான். நரி ஏரி என்று பெயர்கொண்ட அந்தப் பெரிய ஏரியை அவனை நம்பி விட்டுவிட்டு, அதன் சொந்தக்காரர் தூரத்து நகரத்தில் நிம்மதியாக இருந்தார். மீன் வளர்க்கும் ஏரி அது. குளிர்காலத்தில் மதகைத் திறந்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வடியவிட்டு, கடைசியில் சேற்றில் துள்ளும் கெண்டைகளை வலைபோட்டு அள்ளுவார்கள்.

போர் முடிந்து பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். மிரெய்க்கு ஒன்பது வயது. ஓடில் ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தக் கிறிஸ்துமசுக்கு மிரெய் தன் அப்பாவுக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். அவள் முதன்முதலாகப் பின்னிய பொருள் அதுதான். பழைய சிவப்புக் கம்பளிச் சட்டையைப் பிரித்தெடுத்த நூல். இரண்டு பக்கமும் காதை மூட மடல், தாடைக்கடியில் முடிச்சுப் போட நாடா. இடது மடல் வலதைவிட இரண்டு விரல் நீளம்.

"ஒரு காது வளந்துட்டா பிற்காலத்துக்கு ஆகும்னு விட்டிருக்காளாக்கும்" என்றான் ஓடிலின் தம்பி ரெமி. பக்கத்துக் கிராமத்தில் கறிக்கடை வைத்திருந்தவன். ஆள் கதவளவு அகலம்.

ஆபெல் அன்று தலையில் வைத்த தொப்பியைக் கழற்றவே இல்லை. காதுக்குள் அப்படியொரு கதகதப்பை அவன் அறிந்ததில்லை. காற்றின் ஊளை இல்லை, கூரை ஓடுகளின் சலசலப்பு இல்லை. உலகம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டது. ஒரு மாதம், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவன் கொஞ்சம் குறைவாகப் பயந்தான்.

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலையில் காற்று வடக்கே திரும்பியது. ஏரி கால்வாசி வடிந்திருந்த நேரம். இப்படியே விட்டால் குறைந்த தண்ணீரில் மீன் உறைந்து செத்துப்போகும். மதகை உடனே மூடியாக வேண்டும். கரையிலிருந்து மதகுக்குப் போகும் பலகையில் ஆபெல் தவழ்ந்தபடி போனான். ஏரியின் அடியில் இருக்கும் துவாரத்தைத் தலை பருத்த ஒரு கட்டை அடைக்கும். அந்தக் கட்டையின் நீண்ட தண்டு மேலே, பலகைக்கு அருகில் வந்து நிற்கும். தண்டைத் தூக்கிப் பிடித்திருந்த முளையை உருவினான். மரச் சுத்தியலால் தண்டை அடித்து இறக்கினான். வழக்கமாக நிற்கும் குறிக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. பனி பிடித்திருக்கிறது என்று நினைத்தான்.

அந்தச் சீமை ஏரிக் காவலர்கள் கண்ணை நம்புவதில்லை. தண்டில் காதை வைத்துக் கேட்பார்கள். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் மரம் உள்ளுக்குள் ரீங்கரிக்கும். ஆபெலும் குனிந்து காதை வைத்தான். சத்தமே இல்லை. முளையைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மிரெய் இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்ட நாடா தாடைக்கடியில் இறுக்கமாக இருந்தது. அவன் காதுக்கும் மரத்துக்கும் நடுவே கம்பளி இருந்தது.

ஐந்து நாள் கல்லும் வெடிக்கும் குளிர். ஏரி உறைந்து வெள்ளித் தட்டாகிவிட்டது. வியாழக்கிழமை மெழுகுதிரித் திருநாள். அன்று ஒவ்வொருவரும் இடது கையில் காசைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிரேப் என்ற மெல்லிய கோதுமைத் தோசையைச் சட்டியிலிருந்து தூக்கிப்போட்டுப் பிடிக்க வேண்டும். கீழே விழாமல் பிடித்தால் அந்த வருஷம் வீட்டில் குறை வராது. ரெமிக்குக் கடையை விட்டு வர முடியாததால் ஓடில் அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்கு? அந்தக் கரையில தீ போடுங்க அத்தான்" என்றான் ரெமி. "நாங்க இங்கேர்ந்து பனிமேலயே வழுக்கிட்டு வந்து சாப்பிடறோம். அக்காவ நாற்காலில உக்காரவச்சு நான் தள்றேன்."

அவர்கள் வீடு நாணல் பக்கத்தில் இருந்தது. ஏரியின் ஆழமில்லாத பக்கம் அது. மதகும் உயர்ந்த கரையும் எதிர்ப்பக்கம், முந்நூறு தப்படி.

எல்லோரும் ஆபெலைப் பார்த்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவன் அன்று காலையிலேயே நாணலோரம் மூன்று இடத்தில் துளைபோட்டு அளந்திருந்தான். முக்கால் சாண் கனம். மாட்டு வண்டியே போகலாம். துளையில் தண்ணீர் ஏறவில்லை, கரிய சேறுதான் வந்தது. ஆழமில்லாத இடம், அடிவரை உறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

"போலாம்" என்றான். "நல்ல பனி. முக்கால் சாண் இருக்கு, மாட்டு வண்டியே போகும்."

"என்ன சொன்னீங்க?" ரெமி காதில் கைவைத்தான். "அக்கா, டாக்டரக் கூப்பிடு. அத்தானுக்கு உடம்பு சரியில்ல."

பிறகு அவன் பனியில் இறங்கி, தன் கறிக்கடை உடம்போடு மூன்று தடவை எம்பிக் குதித்துக் காட்டினான். ஆபெல் எப்போதாவது ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டால் ரெமி செய்வது அதுதான். ஏணி ஆடுகிறது என்றால் ஏணிமேல் நின்று ஆடுவான்.

ஆபெல் சட்டியையும், பால் கேனில் ஊற்றிய மாவையும் எடுத்துக்கொண்டு கரை வழியாகச் சுற்றிப் போனான். மதகருகே கல் மேடையில் காற்றுக்கு மறைவாகத் தீ மூட்டினான். தூரத்தில் ஓடில் நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார்ந்திருப்பதும், ரெமி அவளை வட்டமாகச் சுற்றித் தள்ளுவதும், மிரெய் மரச்செருப்போடு சறுக்கி விழுந்து எழுவதும் தெரிந்தன. சிரிப்பு கம்பளி வழியாக மெல்லியதாக வந்தது. சட்டி காய்ந்ததும் முதல் கிரேப்பை ஊற்றினான். இடது கையில் காசு. தூக்கிப்போட்டான், திரும்பிச் சட்டியிலேயே விழுந்தது. அந்த நிமிஷம் அவன் ஒரு பயமும் இல்லாத மனிதனாக இருந்தான்.

விறகு போதவில்லை. கரையின் பின்சரிவில் வெட்டிப்போட்ட வில்லோ மரக் கிளைகள் கிடந்தன. சட்டியைத் தீயிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு இறங்கினான். தீயருகே நின்றதில் தலை வேர்த்திருந்தது. முடிச்சை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் செருகினான்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

குழந்தை தூக்கத்தில் வாய்க்குள் பேசுவது போல ஒரு சத்தம். அவன் அசையாமல் நின்றான். ஐந்து நாளாக அந்தப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீர் என்று எதுவும் இல்லை. கிணற்றுவாளிகூட உறைந்து கிடந்தது. கிளைகளை விலக்கிப் பார்த்தான். மதகிலிருந்து வரும் வாய்க்காலில், பனி விளிம்புகளுக்கு நடுவே, முழங்கை அகலத்தில் கறுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

சரிவில் எப்படி ஏறினான் என்று அவனுக்கு நினைவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, மதகுத் தண்டில் வெறுங்காதை வைத்தான். மரம் ரீங்கரித்தது. தண்டைச் சுற்றிப் பனியில் ஒரு இடுக்கு. ஒரு சிறு கல்லை அதில் போட்டான். விழுந்த சத்தம் உடனே வரவில்லை. வந்தபோது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

ஐந்து நாள் வடிந்திருக்கிறது. நாணல் பக்கம் பனி சேற்றின்மேல் படுத்துக் கிடக்கிறது. அங்கே யானை நடக்கலாம். ஆனால் கரையை ஒட்டி, மதகுக்கு முன்னால், ஒரு தெரு அகலத்துக்குப் பள்ளமான பகுதி உண்டு. அதன்மேல் இருக்கும் பனிக்குக் கீழே இப்போது தாங்க எதுவும் இல்லை. முதலில் காற்று, அதற்கும் கீழே தண்ணீர், அதற்கும் கீழே ஆளை விழுங்கும் சேறு.

நிமிர்ந்தான். அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிரேப் வாசனை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மிரெய் முன்னால். அவளுக்கு ஐம்பது தப்படி பின்னால் ரெமி, நாற்காலியைப் பிடித்துக் குனிந்து தள்ளியபடி. நேராக அவனை நோக்கி.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வராதது நல்லது என்று மறுகணம் தோன்றியது. பனி சரியில்லை என்று கத்தினால் என்ன நடக்கும்? 'இதோ ஆரம்பிச்சிட்டாரு' என்று ரெமி சிரிப்பான். சிரித்துக்கொண்டே, அந்தப் பள்ளத்தின்மேல் நின்று மூன்று தடவை குதிப்பான். ஓடில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

இத்தனை வருஷம் செஸ்ட்நட்டுக்கும் மீன் முள்ளுக்கும் பயந்து பயந்து அவன் தன் குரலைச் செலவழித்துவிட்டான். இன்றைக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

கல்மேடைக்கு ஓடினான். சட்டியைப் பிடுங்கினான். முழு பலத்தையும் திரட்டிச் சிரித்தான். அது அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"டேய் கறிக்கடை! முதல் கிரேப் எனக்குத்தான். உன்னால முடிஞ்சா வந்து புடி பாக்கலாம்!"

சட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கரைமேல் பக்கவாட்டில் ஓடினான். தீயை விட்டு, பள்ளத்தை விட்டு விலகி, கரை வளைந்து நாணலில் முடியும் மூலையை நோக்கி.

ரெமி நின்றான். ஆபெல் ஓடிப் பார்த்தே அவன் பார்த்ததில்லை. "அக்கா, உன் வீட்டுக்காரர் நிஜமாவே குடிச்சிருக்காரு. கெட்டியாப் புடிச்சுக்க." நாற்காலி திரும்பியது. கீச்சென்று பனியில் கோடு கிழித்துக்கொண்டு, ஏரியின் நடுவிலிருந்தே நாணல் மூலைக்கு விரைந்தது. ஆபெல் ஓடிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தான். தள்ளி. இன்னும் தள்ளி. சரி. சேற்றுமேல் வந்துவிட்டார்கள்.

மிரெய்யைத் தேடினான்.

அவளும் திரும்பியிருந்தாள். ஆனால் முன்னால் வந்துவிட்டிருந்ததால் குறுக்குவழியாகத் திரும்பியிருந்தாள். கரையிலிருந்து முப்பது தப்படியில், பள்ளத்துக்கு நேர் மேலே நின்றாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பனி வழியாகக் கீழே பார்த்தாள்.

"அப்பா, இங்க மீனே இல்ல. தண்ணியும் இல்ல. ஒரே இருட்டா இருக்கு."

ஆபெல் மெதுவாகக் கரை ஓரத்தில் குந்தினான். படுத்திருக்கிறாள், படுத்தே இருக்கட்டும், மாதாவே, அவள் படுத்தே இருக்கட்டும்.

"அப்படியா கண்ணு? எழுந்திரிக்காத. நீர்நாய் எப்படிப் போகும், அப்பாவுக்குக் காட்டு."

"வயித்தால போகும்."

"போ பாக்கலாம். அம்மா இருக்கற பக்கமா. அவசரமே இல்ல."

"செருப்பு இடிக்குதுப்பா."

"கழட்டி விட்டுடு."

"கால் சில்லுனு ஆயிடும். நீதான செருப்ப கழட்டாதன்னு எப்பவும் சொல்வ?"

"இன்னிக்குப் பரவால்ல."

அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்ன கண்டாளோ, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மரச்செருப்புகளையும் உதறினாள். வயிற்றால் ஊர்ந்தாள். பாதித் தூரத்தில் பனி ஒரு தடவை டொம் என்றது, காலிப் பீப்பாயை உதைத்தது போல. அவளுக்குப் பின்னால் ஒரு விரிசல் வெள்ளைக் கோடாக ஓடியது. மிரெய் நின்றாள்.

"நீர்நாய் நிக்காதே கண்ணு" என்றான் ஆபெல். அவன் குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்று பிற்காலத்தில் அவனால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை.

அவள் மறுபடி ஊர்ந்தாள். கன்னம் பனியை உரசியது. நாணலின் முதல் தண்டைக் கையால் பிடித்த பிறகுதான் ஆபெல் மூச்சுவிட்டான்.

மூலையில் ரெமி மூச்சிரைக்க நின்றான். "எங்க என் கிரேப்?"

சட்டி காலியாக இருந்தது. கிரேப் வழியில் எங்கோ பறந்துபோயிருந்தது. ஆபெல் இடது கையை விரித்தான். காசு இன்னும் அங்கே இருந்தது. அதன் விளிம்பு உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"மதகு மூடலடா. கரையோரம் பனிக்கு அடியில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா. முக்கால் சாண்னு காலைல யாரு சொன்னா?" ரெமி கரைப்பக்கம் ஒரு காலை எடுத்துவைத்தான். "நான் போயி மாவு கேன எடுத்துட்டு வரேன், நீங்க இங்கயே நடுங்கிட்டு இருங்க."

ஆபெல் அவன் கோட்டைப் பிடித்தான். ரெமி இழுத்தான். ஆபெல் விடவில்லை.

ஓடில் தன் கணவனின் தலையைப் பார்த்தாள். தொப்பி இல்லை. கிறிஸ்துமஸ் தொடங்கி, பூசையில்கூட அவன் வேண்டாவெறுப்பாகக் கழற்றிய தொப்பி.

"ரெமி, சும்மா இரு" என்றாள்.

"சரி, நாம வேணாம். உன் நாற்காலி போயி எடுத்துட்டு வரட்டும்." அவளை எழுப்பிவிட்டு, ரெமி காலி நாற்காலியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினான். அது சுழன்றபடி வெகுதூரம் போய், பள்ளத்துக்கு மேலே, கல்மேடையைப் பார்த்தபடி நின்றது.

ஒன்றும் ஆகவில்லை.

ரெமி ஆபெலைப் பார்த்தான். "மாட்டு வண்டி" என்று மட்டும் சொன்னான்.

கல்மேடைத் தீக்குக் கரை வழியாகவே சுற்றிப் போனார்கள். ஓடிலின் ஏற்பாடு அது. மிரெய்யை ரெமி முதுகில் சுமந்தான்; அவள் கால்களை ஆபெலின் சிவப்புத் தொப்பிக்குள் செருகியிருந்தார்கள். தீயைக் கிளறினார்கள். மிரெய் தூக்கிப்போட்டது சாம்பலில் விழுந்தது. ரெமி தூக்கிப்போட்டது மடிந்து விழுந்தது. பனி உங்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறது, வெயிலில்கூட உருகாது என்றெல்லாம் அவன் பேசிக்கொண்டே தின்றான். மிரெய் சிரித்தாள். ஆபெல் வாயில் எதையும் வைக்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது.

ஓடிலின் முறை வந்தபோது, அவள் காசைக் கையில் வாங்கும் நேரத்தில், ஏரி பெருமூச்சு விட்டது. வெடிப்புச் சத்தம் அல்ல. தூங்குகிற மாடு விடுமே, அது போல ஒன்று. தெரு அகலத்துக்குப் பனி அப்படியே கீழே இறங்கியது. நாற்காலி ஆடாமல், யாரோ கௌரவமாக உட்கார்ந்திருப்பது போல, இறங்கிப்போனது. பிறகுதான் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. மிரெய்யின் ஒரு செருப்பு மிதந்தது. மற்றது வரவில்லை.

ரெமி மென்றுகொண்டிருந்ததைக் கையில் துப்பி, தீயில் போட்டான். "அத்தான்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் மதகுக் கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் தலைக்கடியில் ஒரு பிடி நாணல் நசுங்கிக் கிடந்தது. காதில் கம்பளி இருந்த கதையை ஆபெல் ஓடிலிடம் மட்டும் சொன்னான். "புள்ளைக்குத் தெரிய வேணாம்" என்றான். "அவ பின்னினது."

ஏப்ரலில் இரண்டாவது பெண் பிறந்தது. ரெமி அதன்பின் ஆபெலைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். அது ஆபெலுக்குப் பழைய கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வருஷம் முதல் எந்தக் குளிரிலும் அவன் காதை மூடவில்லை. தொப்பியைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வான். அப்பாவுக்குத் தான் பின்னியது பிடிக்கவில்லை, காது மடல் கோணலாகப் போனதால்தான் போடுவதில்லை என்று மிரெய் நினைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, பதினைந்து வயதில், கேட்டாள். "குத்துது கண்ணு" என்றான். அவள் அதன்பின் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் பின்னவும் இல்லை.

முப்பத்தோரு குளிர்காலம் கழித்து, ஒரு பிப்ரவரியில் ஆபெல் நெஞ்சுச் சளியில் இறந்துபோனான். நிலம் உறைந்து இரும்பாகக் கிடந்தது. அவன் கோட்டை மடிக்கும்போது மிரெய்யின் கையில் தொப்பி தட்டுப்பட்டது. சிவப்பு வெளுத்து, எத்தனையோ தடவை மடித்து மடித்து நடுவில் நைந்திருந்தது. அவள் அதைக் கையால் நீவிவிட்டாள். பிறகு கட்டிலருகே போய், அந்த வெடித்த காதுகளின்மேல் மடல்களை இறக்கப் போனாள்.

"வேண்டாம்டி" என்று ஓடில் அவள் கையைப் பிடித்தாள். "பையிலயே வை. உங்கப்பாவுக்குக் காது கேக்கணும்."

பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மதகு மூடாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள்.